ஐந்து ராத்தல் குறைவு

முப்பத்து மூன்று ஆண்டு அரசாங்க ஊழியத்தில் என் முக்கிய வேலை, பிறருடைய விண்ணப்பங்களைத் திருப்பி அனுப்புவது. கையெழுத்து இல்லை, இணைப்பு இல்லை, உரிய படிவத்தில் இல்லை என்று காரணங்கள் எழுதுவேன். அந்த வேலையில் சேரும் முன்பு என்னையே ஒருமுறை திருப்பி அனுப்பினார்கள். காரணம், எடை இல்லை.

புதுக்கோட்டை சமஸ்தானம் போய், நாங்கள் திருச்சி ஜில்லாவோடு சேர்ந்து ஆறேழு வருஷம் ஆகியிருந்தது. குமாஸ்தா பரீட்சை எழுதித் தேறியிருந்தேன். அறந்தாங்கியில் ஓர் ஆபீசில் சேரும்படி உத்தரவு வந்தது. உத்தரவின் கடைசிப் பத்தியில், அரசு டாக்டரிடம் பெற்ற உடற்தகுதிச் சான்றுடன் வர வேண்டும் என்று ஒரு வரி இருந்தது. எந்த உத்தரவிலும் கடைசிப் பத்தியைத்தான் முதலில் படிக்க வேண்டும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. ஊரில் நாலு பேரிடம் உத்தரவைக் காட்டிய பிறகுதான் அதைப் படித்தேன்.

அப்பாவும் நானும் திருமயத்தில் பஸ் ஏறிப் புதுக்கோட்டைக்குப் போனோம். டாக்டர் கண்ணைப் பார்த்தார், பல்லைப் பார்த்தார், மூச்சை இழுக்கச் சொல்லி நெஞ்சை அளந்தார். எல்லாவற்றிலும் தேறினேன். கடைசியில் எடை மெஷினில் ஏறச் சொன்னார். நூறு ராத்தல், இன்றைய கணக்கில் நாற்பத்தைந்து கிலோ. என் உயரத்துக்கு நூற்றைந்து இருக்க வேண்டுமாம்.

"தம்பி, வீட்டுல சாப்பாட்டுக்குக் கஷ்டமா?" என்று தணிந்த குரலில் கேட்டார்.

அவர் நல்ல எண்ணத்தில்தான் கேட்டார். ஆனால் கதவு திறந்திருந்தது. வெளியே பெஞ்சில் இருந்த அப்பா எழுந்து உள்ளே வந்துவிட்டார்.

"எங்க வீட்டுலங்களா? குதிர்ல நெல்லு கெடக்குங்க. வந்து பாருங்க."

"நெல்லு குதிர்ல இருக்குங்க. பையன் மேல இல்லையே" என்றார் டாக்டர்.

தற்காலிகமாகத் தகுதியற்றவர், ஆறு வாரம் கழித்து மறுபரிசோதனை என்று எழுதிக் கொடுத்தார். அதை ஆபீசுக்கு அனுப்பினேன். மறுபரிசோதனை வரை இடத்தை நிறுத்திவைப்பதாகவும், அப்போதும் தகுதி பெறாவிட்டால் பட்டியலில் அடுத்தவரை அழைப்பதாகவும் பதில் வந்தது. இத்தகைய கடிதங்களைப் பின்னாளில் நானே நூற்றுக்கணக்கில் எழுதியிருக்கிறேன். நல்ல கடிதம். ஒரு சொல் கூட மிகையில்லை.

எனக்கு வேறு வழி இருந்திருந்தால் இதைப் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டேன். எங்களுடையது வானம் பார்த்த பூமி, பெரும்பாலும் கடலை. அந்தச் செம்மண்ணில் அரை நாள் மண்வெட்டி பிடித்தால் மறுநாள் படுத்துவிடுவேன் என்பது ஊரறிந்த விஷயம். உத்தியோகம் இல்லாவிட்டால், படித்துவிட்டு வீட்டில் இருப்பவன் என்ற பதவிதான் எனக்கு. அதற்கு ஓய்வு வயது கிடையாது.

எங்கள் வீட்டு வயிறுகளைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும்.

வயிறு நிறைவது என்றால் என்ன என்று அப்பாவுக்குத் தெரியாது. பானை காலியாவதுதான் தெரியும். கூடவே இருந்த சித்தப்பாவும் அப்படியே. கல்யாண வீடுகளில் விவரம் தெரிந்தவர்கள் இருவரையும் ஒரே பந்தியில் உட்கார வைக்க மாட்டார்கள். இத்தனைக்கும் இரண்டு பேரும் கயிறு போல இருப்பார்கள். தின்றது எங்கே போகிறது என்பது யாருக்கும் தெரியவில்லை. சாப்பிட்டு எழுந்ததும் அப்பா ஒரு பெருமூச்சு விடுவார். அது திருப்தியின் பெருமூச்சு என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன்.

எனக்கு மூன்றாவது கவளம் வரை சோறு சோறாக இருக்கும். நாலாவதில் தொண்டைக்குக் கீழே யாரோ கதவைச் சாத்துவார்கள். ஐந்தாவது கவளம் வாயிலேயே நின்று, உள்ளே போக அனுமதி கேட்டுக்கொண்டிருக்கும். இரண்டு மணி நேரம் கழித்துக் கதவு தானாகத் திறந்துகொள்ளும், நல்ல பசி எடுக்கும். ஆனால் அந்த நேரத்துப் பசிக்கு எங்கள் வீட்டில் செல்லுபடி இல்லை. காலையில் ஒன்று, பொழுது சாயும்போது ஒன்று, இரண்டே சாப்பாடு. இடையில் வாய் அசைந்தால் அது களவு, அல்லது மசக்கை.

இதோடு இரண்டு வழக்கங்கள். அப்பா எழும் வரை வரிசையில் வேறு யாரும் எழக் கூடாது என்பது ஒன்று. சோற்றைப் பார்த்து 'போதும்' என்று சொல்லக் கூடாது என்பது மற்றது. சொன்னால் களத்து நெல்லுக்குக் கேட்டுவிடுமாம், அடுத்த வருஷம் அளவோடு வந்து நின்றுவிடுமாம். மற்ற ஊர்களில் நெல்லுக்குக் காது உண்டா என்று தெரியவில்லை. எங்கள் களத்தில் உண்டு. ஆகவே தினமும் மூன்று கவளத்தில் என் சாப்பாடு முடிந்துவிடும். பிறகு காய்ந்த கையோடு, அப்பாவும் சித்தப்பாவும் பானையைக் காலி செய்வதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பரிமாறும் அம்மா, நாங்கள் ஆத்தா என்போம், என் வட்டிலில் கரண்டியைக் காட்டிவிட்டு, பாதியைப் பானைக்கே திருப்பிக்கொண்டு போவாள். இத்தனை வருஷம் அப்படித்தான் ஓடியது.

டாக்டரிடமிருந்து திரும்பிய அன்று சாயங்காலம் அப்பா தம் முடிவை அறிவித்தார்.

"சோறு திங்காததுக்கு வேலை இல்லைங்கிறான். சரியாத்தானே சொல்றான்? நாளையிலேருந்து என் பக்கத்துல உக்காரு. நான் எம்புட்டோ நீயும் அம்புட்டு."

"முடியாதுப்பா."

"பரீட்சையெல்லாம் எழுதத் தெரியுது, சோறு திங்கத் தெரியலையா? இதெல்லாம் வயித்துக் கோளாறு இல்லடா, திமிரு."

சித்தப்பா ஆமோதித்தார். அவர் வாயில் சோறு இருந்ததால் தலையால் ஆமோதித்தார்.

மறுநாள் முதல் என் வட்டிலில் ஆத்தா கரண்டியைத் திருப்ப முடியவில்லை. அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார். மலையாகச் சோறு, மேலே நெய், பக்கத்தில் மூன்று முட்டை. பிறகு நல்லெண்ணெயும் கருப்பட்டியும் போட்டுக் கிண்டிய உளுந்தங்களி. உளுந்தங்களி எங்கள் பக்கம் பெரியமனுஷியான பெண்களுக்குக் கொடுப்பது. உடம்பு தேறினால் சரி என்று அப்பா அதையும் உத்தரவில் சேர்த்திருந்தார். நான் ஐந்தாவது கவளத்தோடு போராடிக்கொண்டிருப்பேன். அப்பா முடித்துவிட்டு எழுந்து கை கழுவக் கொல்லைப்பக்கம் போவார். பின்னாலேயே சித்தப்பா போவார். வட்டிலில் மலை அப்படியே இருக்கும்.

இரண்டாவது நாள், வட்டில்களை எடுக்க வந்த என் தங்கை பக்கத்தில் நின்று பார்த்தாள். அவளுக்கு அப்போது பதினேழு வயது.

"அண்ணே, அந்தக் களியத் திங்கப் போறியா, வேடிக்கை பாக்கப் போறியா?"

"எறங்கலடி."

"குடு இங்கிட்டு."

நாலு வாயில் களி முடிந்தது. முட்டை எங்கே போனது என்று நான் பார்க்கவில்லை. அப்பா கொல்லையிலிருந்து திரும்பி வந்து, துடைத்தாற்போல் இருந்த வட்டிலைப் பார்த்தார்.

"பாத்தியா? எல்லாம் மனசுதான்" என்றார்.

அதன்பின் இது தினசரி நடைமுறையாகிவிட்டது. எடை ஏறாமல் போனால் என்ன ஆகும் என்று நானாவது யோசித்திருக்க வேண்டும். யோசித்தேன். ஆனால் யோசனை நாலாவது கவளத்துக்கு உதவவில்லை. அந்த நேரத்தில் வட்டில் காலியாவது ஒன்றுதான் முக்கியமாகப் பட்டது. ஆபீசில் பின்னாளில் இதே நோயைப் பல பேரிடம் கண்டேன். மேலதிகாரி பார்வையிட வரும்போது மேஜை காலியாக இருக்க வேண்டும், கோப்பு எங்கே போனால் என்ன.

இரண்டு வாரம் போனது. திருமயம் சந்தை நாளன்று, கடலை மண்டியில் என்னை நிறுத்துப் பார்த்துவிடலாம் என்றார் அப்பா. வளையல் வாங்க வேண்டும் என்று தங்கையும் வண்டியில் ஏறிக்கொண்டாள்.

மண்டியில் மூட்டை நிறுக்கும் பெரிய தராசு, சங்கிலியில் தொங்கிக்கொண்டிருக்கும். ஒரு தட்டில் நான் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன், மறு தட்டில் கல் ஏறியது. மண்டிக்காரருக்கு அப்பாவை நெடுநாள் பழக்கம்.

"கடலையா இருந்தா மண்ணுக்கும் ஈரத்துக்கும் கழிவு உண்டு. இதுல எதைங்க கழிக்கிறது?"

"நிறுய்யா முதல்ல."

நிறுத்தார். தொண்ணூற்றொன்பது. அந்த ஐந்தாவது கவளத்தை இரண்டு வேளையும் தள்ளி இறக்கியதில் பாதி நாள் வயிறு கெட்டுக் கிடந்தேன். அதனால் ஒரு ராத்தல் போயிருந்தது.

அப்பா முதலில் தராசைச் சந்தேகப்பட்டார். எங்கள் கடலையை அந்தத் தராசு பல வருஷமாக நிறுத்து வந்ததால் அந்தச் சந்தேகம் அவருக்கு இயல்பாகவே வந்தது. மண்டிக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது.

"வேற யாரையாச்சும் ஏத்திப் பாருங்க. தராசு மேல பழி போடாதீங்க."

அப்பா சுற்றுமுற்றும் பார்த்தார். "ஏ புள்ள, நீ ஏறு."

"நான் என்ன மூட்டையா? மாட்டேன்ப்பா."

"ஒங்க அண்ணன் ஏறல? ஏறுங்கிறேன்."

ஏறினாள். தட்டு தரையில் உட்கார்ந்தது. மண்டிக்காரர் ஒரு கல் வைத்தார், இன்னொன்று வைத்தார். தலையைச் சொறிந்துகொண்டு மூன்றாவதைத் தேடினார். நூற்றுப் பதினெட்டு.

மண்டிக்காரர் கல்லை இறக்கி வைத்தார்.

"பெரியவரே, நீங்க ஒரு தொட்டியில தீவனம் வைக்கிறீங்க. மாடு வேற தொட்டியில கெட்டிக் கெடக்கு."

வளையல் வாங்காமலே வண்டி திரும்பியது. ஊர் எல்லை வரும் வரை அப்பா மாட்டோடு கூடப் பேசவில்லை. பிறகு திரும்பிப் பார்க்காமல் கேட்டார்.

"எம்புட்டு நாளா?"

"ரெண்டாம் நாள்லேருந்து" என்றாள் தங்கை.

"அண்ணன் பொழப்பு இதுல இருக்குன்னு தெரியாது ஒனக்கு?"

"தெரியும்ப்பா. அது திங்கலை. வீணாப் போகுமேன்னுதான் மொத நாளு தின்னேன்."

"மறுநாளு?"

"மறுநாளு பசிச்சுச்சு."

"ஒனக்கு ஆத்தா சோறு போடலையா?"

"போடும். தின்னுட்டு எந்திரிச்சாலும் பசிக்கும்ப்பா. சின்னதுலேருந்து அப்பிடித்தான். பொட்டப்புள்ளைக்கு இம்புட்டுப் பசியான்னு கேப்பாகன்னு சொல்றதில்ல." கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கேட்டாள். "உங்களுக்குப் பசிக்காதா, எந்திரிக்கும்போது?"

அப்பா மாட்டை ஒரு தட்டுத் தட்டினார். சாப்பிட்டு எழுந்ததும் அவர் விடும் பெருமூச்சு என்னவென்று அன்றுதான் எனக்குப் புரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் விசாரணை அடுப்படிக்கு மாறியது. நான்கு வாரம் இருக்கிறது, ஆறு ராத்தல் வேண்டும் என்று அப்பா ஆத்தாவிடம் சொன்னார். நாளை முதல் என் வட்டில் காலியாகும் வரை தாம் எழப்போவதில்லை என்றும் சொன்னார். ஆத்தா அடுப்பை ஊதிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து, குதிருக்குப் பின்னால் கையை விட்டு ஓர் ஓலைக் கொட்டானை எடுத்து நடுவில் வைத்தாள். மூடியைத் திறந்தாள். வறுத்த கடலை, அவல், தேங்காய்ச் சில்லு, உடைத்த கருப்பட்டி.

"என்னது இது?"

"என் சாப்பாடு."

அப்பாவுக்கு விளங்கவில்லை. எனக்கும்தான்.

"ரெண்டு கை சோத்துக்கு மேல எனக்கு எறங்காதுங்க. அதுக்காகப் பட்டினி கெடக்க முடியுமா? அப்பப்ப இதுல ஒரு கை அள்ளிப் போட்டுக்குவேன். இருவத்திரெண்டு வருசமா இப்பிடித்தான்."

"இருவத்திரெண்டு வருசமாத் திருடித் தின்னியா?"

"என் வீட்டுல நான் எதுக்குத் திருடணும்? நீங்க பாக்கலை, அம்புட்டுத்தான்."

ஆத்தா பிறந்தது மணமேல்குடிப் பக்கம், தென்னந்தோப்பும் கொஞ்சம் வயலும் உள்ள வீடு. அந்த வீட்டைப் பற்றி அப்பாவுக்குப் பழைய மனத்தாங்கல் உண்டு. மறுவீட்டு விருந்தில் அவர் நாலாவது தடவை சோறு கேட்டபோது அங்கே பானை காலியாகிவிட்டதாம். அவர்கள் கஞ்சர்கள் என்று அன்றே தீர்ப்பாகிவிட்டது. மேல்முறையீடு இல்லை.

"எங்க அண்ணன்மாரும் அப்பிடித்தான்" என்றாள் ஆத்தா. "ஒரு மூச்சுல உக்காந்து ஆரும் திங்க மாட்டாக. போறப்ப ஒரு வாய், வாறப்ப ஒரு வாய். நீங்கதான் சோறு போடாத வீடும்பீங்க."

அப்பா என்னைக் காட்டினார். "அப்ப இந்தப் பய ஒன் வகையறா."

"ஆமா."

"அவ?"

"அவ உங்க வகையறா. அதுக்கு நான் என்னங்க செய்ய?"

"இம்புட்டு நாளா ஏன்டி சொல்லல?"

"எப்பக் கேட்டீங்க?"

எனக்கு இரண்டு பையன்கள். ஒருவன் ஒரு தோசையோடு எழுந்துவிடுவான். இன்னொருவன் ஆறாவது தோசையில் அவன் அம்மாவின் முகத்தைப் பார்ப்பான். ஒரே வீடு, ஒரே மாவு. உறவினர்கள் முதலாமவனை அடக்கமானவன் என்றார்கள், இரண்டாமவனைக் கண்டித்து வளர்க்கச் சொன்னார்கள். டாக்டர்கள் இப்போது, எல்லாம் ரத்தத்தில் ஓடும் சமாசாரம், பசியும் நிறைவும் ஆளுக்கு ஆள் மாறும், பாதி பெற்றோர் கொடுத்தது என்கிறார்கள். அவர்களுக்கு இதற்குக் கருவிகள் தேவைப்பட்டன. எங்களுக்கு ஒரு கடலைத் தராசு போதுமாக இருந்தது, ஆனால் அதை ஒழுங்காகப் படிக்கத் தெரியவில்லை. குறைவாக உண்பவனுக்குக் கிடைக்கும் நல்ல பெயரை நான் வாழ்நாள் முழுவதும் அனுபவித்திருக்கிறேன். அதைச் சம்பாதிக்க நான் எதுவும் செய்யவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

அன்று இரவுச் சாப்பாட்டிலேயே புதிய ஏற்பாடு அமலுக்கு வந்தது. அப்பா எதையும் அறிவிக்கவில்லை. என் வட்டிலில் ஆத்தா மூன்று கவளம் வைத்துவிட்டு நகர்ந்தபோது வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். முடிக்கும் தறுவாயில், யாரையும் பார்க்காமல் சொன்னார்.

"அவளுக்கும் வயித்துக்குப் போடு."

அதற்கு மறுநாளிலிருந்து எங்கள் வீட்டில் பானை ஒரு சுற்றுப் பெரிதானது.

எனக்குத் தினம் எட்டு வேளை. விடிந்ததும் அவலும் தேங்காயும், பழையதில் மூன்று கவளம், பிறகு ஒரு கை அவித்த கடலை. மத்தியானம் ஒரு முட்டை, அப்புறம் எள்ளுருண்டை, அப்புறம் மறுபடி கடலை என்று பொழுது சாயும் வரை போகும். எந்த வேளையிலும் கதவு சாத்தப்படும் வரை நான் உண்ணவில்லை. சாத்தும் முன்பே நிறுத்திவிட்டு அடுத்த வேளைக்குத் திரும்பி வந்தேன். ஊர்க்காரர்கள் சிரித்தார்கள். எப்போது பார்த்தாலும் என் வாய் அசைந்தது அவர்களுக்கு வேடிக்கை. "மசக்கை எத்தனாவது மாசம்?" என்று கிணற்றடியில் கேட்டார்கள். சித்தப்பாவே கேட்டார். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. எட்டு வேளை என்ற ஏற்பாடு தம் மாதிரி ஒருவருக்கு வழங்கப்படாமல், தின்னத் தெரியாத ஒருவனுக்கு வழங்கப்பட்டதை அவரால் தாங்க முடியவில்லை.

மண்டிக்கு மறுபடி போக அப்பா மறுத்துவிட்டார். ஆகவே ஏறியதா இல்லையா என்று தெரியாமலே மறுபரிசோதனை நாள் வந்தது. கால்சட்டை இடுப்பில் கொஞ்சம் பிடித்தது. அது ஒன்றுதான் ஆதாரம்.

டாக்டர் அறைக்கு வெளியே அன்று எங்களைப் போல ஐந்தாறு பேர். என்னையும் சேர்த்து மூன்று பேருக்கு ஒரே குறைதான், எடை. பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்ற சேவகர் தம் அனுபவத்தைப் பகிர்ந்துகொண்டார்.

"ஒரு சீப்புப் பழத்தைத் தின்னுட்டு, வயிறு முட்டத் தண்ணியக் குடிச்சுட்டு ஏறுங்க. ரெண்டு மூணு ராத்தல் நிக்கும். எத்தனை பேரை நான் வேலைக்கு அனுப்பிருக்கேன்!"

மற்ற இருவரும் உடனே கடைக்குப் போனார்கள். அப்பாவும் ஒரு சீப்பு வாங்கி வந்து நீட்டினார். பஸ்ஸில் வரும்போதுதான் நான் அவல் சாப்பிட்டிருந்தேன். ஒரு பழத்தில் பாதி இறங்கியது.

"மிச்சத்தையும் தின்னுடா. இன்னைக்கு ஒருநாள்" என்றார். குரலில் அதட்டல் இல்லை.

"எறங்கலப்பா."

அவர் சீப்பை மடியில் வைத்துக்கொண்டு அந்த இரண்டு பேரையும் பார்த்தார். அவர்கள் எட்டாவது பழத்தில் இருந்தார்கள். அவர் பார்வையில் பொறாமை தெரிந்தது. அப்படி ஒரு மகன் தமக்கு வாய்த்திருக்கலாமே என்று நினைத்திருப்பார். பழத்துக்காகவும் இருக்கலாம்.

ஒன்பது மணிக்குப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார்கள். வண்டி கவிழ்ந்து அடிபட்டவர்களைக் கொண்டுவந்ததால் டாக்டர் அந்தப் பக்கம் போய்விட்டார். மணி பத்தானது, பதினொன்றானது. பழம் தின்று தண்ணீர் குடித்தவர்கள் முதலில் காலை மாற்றி மாற்றி நின்றார்கள். பிறகு ஒருவர் பின் ஒருவராகக் கட்டிடத்தின் பின்பக்கம் போய் வந்தார்கள். போய்விட்டு வந்தவர் முகத்தில் சுகமும் கவலையும் கலந்து இருந்தன. நான் பத்து மணிக்கு ஒரு கை கடலை சாப்பிட்டேன். பதினொன்றுக்கு எள்ளுருண்டை. பன்னிரண்டுக்கு, ஆத்தா கட்டிக்கொடுத்த அவித்த முட்டை. காத்திருக்கக் காத்திருக்க அவர்கள் இறங்கினார்கள், நான் ஏறினேன். அரசாங்கத் தாமதத்தால் பலன் அடைந்தவன் என்று என் அனுபவத்தில் நான் அறிந்தது என்னை ஒருவனைத்தான்.

பன்னிரண்டரைக்கு டாக்டர் வந்தார். மெஷினில் ஏறினேன். முள் ஆடிக்கொண்டே இருந்தது. வாசலில் அப்பா நின்றுகொண்டிருந்தார். உள்ளே வரவில்லை.

"நூற்றைந்தே கால்" என்றார் டாக்டர். இறங்கி மறுபடி ஏறச் சொன்னார். மறுபடியும் அதேதான்.

"என்ன சாப்பிட்டே?"

"கடலை, முட்டை, அவல் சார்."

"நிறையவா?"

"கொஞ்சம் கொஞ்சமா சார். ஒரு நாளைக்கு எட்டு வேளை."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "வசதியான வீடு போல" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பழம் தின்றவர்களில் ஒருவர் தேறினார். மற்றவர் முக்கால் ராத்தல் குறைந்து நின்றுபோனார். சேவகர் அவரிடம், கடைசியாகப் பின்பக்கம் போனது தப்பு என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

சான்றை வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கிளப்புக் கடைக்குப் போனோம். அப்பா நன்றாகச் சாப்பிட்டார். எனக்கு மூன்று கவளம். பரிமாறியவர் என் இலையைப் பார்த்து, சமையலில் ஏதாவது குறையா என்று கேட்டார். அப்பா அவரை அனுப்பிவிட்டார்.

பஸ்ஸில் அப்பா சான்றை மடியிலிருந்து எடுத்துக் கொடுத்து என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

"இனி வருசா வருசம் நிறுப்பானா?"

"இல்லப்பா. ஒரு தடவைதான். இனி யாரும் நிறுக்க மாட்டாங்க."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இனி எட்டு வேளைக்கு அவசியமில்லை என்று அவர் சொல்லப்போகிறார் என்று எதிர்பார்த்தேன். நியாயமும் அதுதான். ஒரு காரியத்துக்காகப் போட்ட ஏற்பாடு, காரியம் முடிந்ததும் முடிந்துவிட வேண்டும்.

நமணசமுத்திரத்தில் பஸ் நின்றது. கொஞ்சம் பேர் இறங்கினார்கள், ஒரு மூட்டையை மேலே ஏற்றினார்கள். கீழே ஒரு பெண் கூடையில் அவித்த கடலை விற்றுக்கொண்டிருந்தாள். அப்பா என்னைப் பார்த்தார்.

"பசிக்குதா?"

எங்கள் வீட்டில் சாப்பிட்டாயா என்று கேட்பார்கள். பசிக்கிறதா என்று யாரும் யாரையும் கேட்டதில்லை.

"கொஞ்சம்" என்றேன்.

அவர் எழுந்து இறங்கப் போனார். கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு நின்றார்.

"எங்கிட்டுப் பெரியவரே? வண்டி கெளம்புது."

"செத்த நில்லுங்க. எம் மகனுக்குப் பசிக்குது."

"இப்பத்தான் கிளப்புக் கடையில தின்னுட்டு வாறோம்னு சொல்லி ஏறுனீங்க?"

"அது அப்பங்க. இது இப்ப" என்று சொல்லிக்கொண்டே அப்பா இறங்கினார்.

கண்டக்டர் என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தார். பஸ்ஸில் இருந்த மற்றவர்களும் பார்த்தார்கள். கீழே அப்பா அந்தப் பெண்ணிடம் படி குறைவதாகச் சொல்லி, மேலே இன்னொரு கை போடச் சொல்லிக்கொண்டிருந்தார்.